தாயம் எல்லோர் கண்முன்னும் உருளட்டும்

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆட்டம் திறமையைச் சார்ந்ததா, அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்று நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்த வாதத்தை அது ஓரம் கட்டியது; பணம் கட்டவைத்து ஆட்டம் நடத்துவதே குற்றம் என்றது. தமிழ்நாடு அதற்கு முன்பே அந்தப் பாதையில் இறங்கியிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு சட்டப்பேரவை தடைச் சட்டம் இயற்றியது. ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது; ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது மட்டும் செல்லாது என்றது. கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களை நினைத்தால் இந்தத் தடைகளுக்கு எதிராகப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் சட்டத்தால் ஒரு வேலையைத்தான் செய்ய முடியும்; கெட்ட ஆட்டத்தை எடுத்துவிடலாம், அந்த இடத்தில் நல்ல ஆட்டத்தை வைக்க முடியாது. அதைச் செய்யவேண்டியது ஊர். வாரத்தில் ஓர் இரவு, காசு வைக்காமல், வயது வித்தியாசம் பாராமல், ஊர்ப் பொதுக் கட்டடத்தில் எல்லோரும் உட்கார்ந்து ஆட ஏற்பாடு செய்வதை உள்ளாட்சிகள் தம் கடமைகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதே என் வாதம்.

வாலாஜாபாத் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் காஞ்சிபுரம், மறுபக்கம் செங்கல்பட்டு. எட்டும் தூரத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். சுற்றுக் கிராமங்களில் தறியும் உண்டு, நெல்லும் உண்டு. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் இளைஞனுக்கும், தறியை விட்டு எழும் நடுவயதுக்காரருக்கும், பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்ட முதியவருக்கும் பொழுது சாய்ந்த பிறகு ஊர் என்ன வைத்திருக்கிறது? டீக்கடை பெஞ்சு, வீட்டில் தொடர், கையில் போன், சிலருக்கு டாஸ்மாக். இந்த நான்கில் எதுவும் இந்த மூவரையும் ஒரே இடத்தில் உட்காரவைப்பதில்லை. பணம் பறித்த ரம்மி செயலிக்குள் போனவர்கள் எல்லோரும் பேராசையால் போனவர்கள் அல்லர். வேலை முடிந்த ஒரு மணி நேரத்தில் ஒரு போட்டி, ஒரு பரபரப்பு, எதிரே ஓர் ஆள் என்று தேடித்தான் பலர் போனார்கள். அந்தத் தேடல் நியாயமானது. அதற்குக் கிடைத்த இடம்தான் கெட்டது. செயலியை மூடிய பிறகும் அந்த ஒரு மணி நேரம் அப்படியே இருக்கிறது. அதை நாம் நிரப்பாவிட்டால் வேறு எதுவோ வந்து நிரப்பும்.

நண்பர்களும் அண்டை வீட்டாரும் கூடி இரவில் ஆடுவது நகரத்து இளைஞர்கள் இப்போது இறக்குமதி செய்த பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கண்விழிக்கவேண்டிய அந்த இரவில் தூக்கம் வராமலிருக்க நம் வீடுகளில் விரித்தது பரமபதப் படத்தைத்தான். நற்குணங்களின் பெயரில் ஏணிகள், அசுரர்களின் பெயரில் பாம்புகள், உச்சியில் வைகுண்டம். சிவராத்திரிக்கும் இதே வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. பரமபதம், வடக்கே ஞானசௌபர் என்று வழங்கிய இந்த வகை ஆட்டமே ஆங்கிலேயர் வழியாகப் போய்ப் பெயரும் பொருளும் இழந்து பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது. பச்சிசி என்னும் சொக்கட்டான் 1896இல் இங்கிலாந்தில் லூடோ என்ற காப்புரிமைப் பொருளாயிற்று. இன்னும் பின்னால் போனால் கீழடி அகழாய்வில் பகடையும் ஆட்டக்காய்களும் நூற்றுக்கணக்கான வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. கோயில் மண்டபங்களின் கல்தரையிலும் திண்ணைகளிலும் ஆடுபுலிக் கட்டங்களும் பல்லாங்குழிக் குழிகளும் வெட்டப்பட்டிருப்பதைத் தமிழகமெங்கும் பார்க்கலாம். கல்லில் வெட்டும் அளவுக்கு ஒரு சமூகம் ஆட்டத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தது. நம் காலத்துக் கட்டடங்களில்தான் அந்த இடம் இல்லாமல் போயிற்று.

அதிர்ஷ்டம் கலந்த ஆட்டம் என்றாலே சூது என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. இதற்குப் பதில் பாலாற்றைத் தாண்டித் தெற்கே உத்திரமேரூரில் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். சிறியவரும் பெரியவருமாகச் சபை கூடியபின், கூடியிருந்த கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிக்கவேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கியபின் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசிக்கவேண்டும். நம்பிமார் அனைவரும் அதைத் திரும்ப வாசிக்கவேண்டும். விரல்களை விரிக்கச் சொன்னது ஓலையை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அன்றி வேறு எதற்கு? அந்தச் சபை எல்லோருக்கும் உரியதல்ல என்பதை மறக்கக் கூடாது. நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆண்களின் சபை அது, பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அதில் இடமில்லை. ஆனால் அந்த நடைமுறையில் ஓர் உண்மை உண்டு. குலுக்கல் எல்லோர் கண்முன்னும் நடந்து, கை திறந்திருந்தால், அதன் முடிவைத் தோற்றவனும் ஏற்பான். அதிர்ஷ்டம் தானாக யாரையும் கெடுப்பதில்லை. மறைவில் நடக்கும் அதிர்ஷ்டமும், அதன்மேல் வைக்கும் பணமுமே கெடுக்கின்றன.

இந்த அளவுகோலை வைத்துத் தாயத்தையும் போன் ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, இரண்டு விதத்தில்தான் விழும்; சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு முறை. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு பதினாறுக்கு ஒன்று, ஆறும் அப்படியே. அடிக்கடி விழுவது மூன்று, நாலுக்கு ஒரு முறை. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பரவலான விதி. அரிதாக விழுவதற்குத்தான் அந்தச் சலுகை என்பதைக் கணக்குப் போட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். கட்டையில் சந்தேகம் வந்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம், மாற்றச் சொல்லலாம். போனில் உருளும் பகடையை யார் எடுத்துப் பார்ப்பது? அது எப்படி விழும் என்பதை எங்கோ எழுதிய நிரல் முடிவுசெய்கிறது. எதிரே ஆடுவது ஆளா கணினியா என்பதுகூட ஆடுபவருக்குத் தெரியாது. தோல்வியை ஏற்கப் பழகுவதற்கு, தோற்றது நேர்மையாகத்தான் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். அந்த நம்பிக்கையைத் தரையில் உருளும் பித்தளைக் கட்டை தருகிறது.

எந்த ஆட்டங்கள் இப்படி ஓர் இரவுக்குப் பொருந்தும் என்பதற்கு மூன்று சோதனைகள் போதும். புதிதாக வருபவர் ஒரே சுற்றில் கற்றுக்கொள்ளவேண்டும். பாட்டியும் பேரனும் எதிரெதிரே உட்கார முடியவேண்டும். பின்தங்கியவர் எழுந்து போகாமல் கடைசிவரை நம்பிக்கையோடு இருக்கவேண்டும். மூன்றிலும் தாயம் முதலிடத்தில் நிற்கிறது. சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, புளியங்கொட்டையோ வளையல் துண்டோ காயாக வைத்தால் போதும். பழமாகப் போகும் காயை ஒரே வெட்டில் திருப்பி அனுப்பலாம் என்பதால் முன்னால் போனவர் நிம்மதியாக இருக்க முடியாது, பின்னால் நிற்பவர் சோர்ந்துபோக மாட்டார். எந்தக் காயை நகர்த்துவது, வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் எதை நிறுத்துவது என்ற யோசனை எப்போதும் இருப்பதால் வெறும் அதிர்ஷ்டமாகவும் அது போவதில்லை. ஆடுபுலியில் அதிர்ஷ்டமே கிடையாது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை, சூழ்ந்து அடைக்க மட்டுமே முடியும். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை இறங்கிய ஆடு நகரவும் முடியாது. இரண்டு பேர் ஆட்டம் என்றாலும், ஆட்டுப் பக்கம் நாலு பேர் கலந்து பேசி ஆடினால்தான் அது களைகட்டும். பலம் குறைந்த பலர் ஒன்றுக்கொன்று துணை நின்று பலசாலியை அசையவிடாமல் செய்வதை இவ்வளவு எளிமையாகக் கற்றுத்தரும் வேறோர் ஆட்டத்தை நான் அறியேன். பல்லாங்குழி இன்னும் அமைதியானது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து காய், மொத்தம் எழுபது. எங்கே எடுத்தால் எங்கே தீரும், எதிரே எத்தனை விழும், எந்தக் குழியில் நாலு சேர்ந்து பசுவாகும் என்பதை விரல் வைத்து எண்ணாமல் கண்ணாலேயே கணிக்கும் மூதாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஆசிரியர்களாக உட்காரவேண்டிய இடம் இது.

கேரம் இந்த மண்ணில் எவ்வளவு ஊறியது என்பதற்குச் சென்னையே சாட்சி. மரியா இருதயம் 1991, 1995 ஆண்டுகளில் உலக சாம்பியன் ஆனார். வியாசர்பாடியிலிருந்து வந்த இளவழகி 2008இல் அந்தப் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கம் வென்று திரும்பினார். தனிப் பயிற்சியாளரும் பளபளக்கும் அரங்கமும் இல்லாத வடசென்னைத் தெருக்களிலிருந்து உலக சாம்பியன்கள் வந்ததற்கு அங்கே தெருவுக்குத் தெரு இருந்த கேரம் மன்றங்களே காரணம். மேலே தொங்கும் ஒரு விளக்கு, கொஞ்சம் போரிக் பவுடர், சுற்றி நின்று பார்க்கும் பத்துப் பேர். இவ்வளவுதான் அந்த மன்றங்களின் சொத்து. வெற்றியாளர்களை உருவாக்குவது இந்த ஏற்பாட்டின் நோக்கமல்ல. ஆனால் எல்லோரும் ஆட இடமிருக்கும் ஊரில்தான் சிறந்த ஒருவரும் தோன்றுகிறார். யாரும் ஆடாத ஊரில் திறமை இருந்தும் அது யாருக்கும் தெரியாமலே போகும். நால்வர் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் இரட்டையர் ஆட்டமே இந்த இரவுகளுக்கு ஏற்றது. பள்ளிச் சிறுமியும் அவள் அத்தையும் ஓரணியாக உட்கார்ந்தால் ராணியைப் போட்டு, பின்னாலேயே ஒரு காயினையும் போட்டுச் சரிக்கட்டும் பதற்றம் இருவருக்கும் சமமாக வரும்.

சீட்டு என்ற பேச்சை எடுத்தால்தான் கடுமையான எதிர்ப்பு வரும். சீட்டுக்கட்டால் அழிந்த குடும்பம் இல்லாத ஊர் இல்லை, பொதுக் கட்டடத்தில் அதை அனுமதிப்பது தீயை வீட்டுக்குள் அழைப்பதாகாதா என்று கேட்பார்கள். கேட்பவர்களின் அச்சம் பொய்யல்ல. ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டமே வெறும் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைப்பது எதை விடுவது என்று தீர்மானிக்கக் கணிசமான திறமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே ஆந்திர வழக்கு ஒன்றில் கூறியது. தீங்கு செய்வது பணம். அது வந்து உட்கார்ந்த பிறகு எந்த ஆட்டமும் ஆட்டமாக இருப்பதில்லை. உள்ளே வெளியே என்று ஆடும் மங்காத்தாவில் பணத்தை எடுத்துவிட்டால் ஆட மிச்சம் எதுவும் இல்லை. அந்த வகை ஆட்டம் இங்கே வேண்டாம். ஆனால் முன்னூற்று நாலு அப்படியல்ல. நால்வர், இரண்டு அணி, முப்பத்திரண்டு சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. கேட்பவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். கூட்டாளி கையில் என்ன இருக்கிறது என்பதை அவர் இறக்கும் சீட்டைக் கொண்டே ஊகிக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளிலும் விடுமுறை இரவுகளை விழித்திருக்க வைக்கும் இந்த ஆட்டத்துக்கு ஒரு பைசா பணயம் தேவையில்லை. எண்ணிக்கையே போதுமான போதை. கூட்டம் பெரிதாக இருந்தால் கழுதை ஆடலாம். சீட்டை எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டு, இனம் இல்லாதவர் வெட்ட, பெரிய சீட்டு வைத்தவர் மொத்தத்தையும் அள்ள, கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. பணம் இல்லாமல் எவ்வளவு ஆவேசமாக ஆட முடியும் என்று பிள்ளைகள் பார்க்கவேண்டுமானால் பெரியவர்கள் அவர்கள் முன்னால் அப்படி ஆடிக் காட்டவேண்டும். சீட்டைப் பூட்டி வைத்த வீட்டுப் பிள்ளை அதை முதன்முதலில் பார்ப்பது பந்தயத்தோடுதான் என்றால், காவலால் என்ன பயன்?

படிக்கிற பிள்ளைகளின் நேரம் வீணாகும் என்பது அடுத்த எதிர்ப்பு. இங்கே ஆய்வுச் சான்று இருக்கிறது. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளோடு ஓர் எளிய பலகை ஆட்டத்தை ஆடவைத்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றிலிருந்து பத்துவரை வரிசையாக எண் எழுதிய பலகை. இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணியைச் சற்றே தாண்டிய நேரம். எண்களை அடையாளம் காண்பது, எது பெரிது என்று சொல்வது போன்றவற்றில் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அது தென்படவில்லை. நம் பரமபதத்தில் பிள்ளை எண்களின்மேல் விரல் வைத்து ஏறி இறங்குகிறது; தாயத்தில் இரண்டு கட்டையின் எண்ணைக் கூட்டி, அதைக் காய்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கொரோனா காலத்தில் பின்தங்கிய தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது விளையாட்டு வழிக் கற்றலையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டதை ஊர் ஏற்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆய்வைக் காட்டி, தாயம் ஆடினால் மதிப்பெண் கூடும் என்று விளம்பரம் செய்வதும் தவறு. மதிப்பெண்ணுக்காக ஆடவைக்கும் ஆட்டம் மறுநாளே பிள்ளைக்குக் கசந்துவிடும்.

முதியோரைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். பிரான்ஸில் 3,675 முதியவர்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, பலகை ஆட்டம் ஆடுபவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 15 சதவீதம் குறைவு என்று 2013இல் கூறியது. தொடக்கத்திலேயே இருந்த அறிவாற்றலையும் மனச்சோர்வையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. எனவே பல்லாங்குழியை மருந்தாக விற்க முடியாது. ஆனால் அந்த மூதாட்டி வாரம் ஒருமுறையாவது நாலு பேரோடு உட்காருகிறாரா என்பது தனிக் கேள்வி. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுக்கு அதனோடு தொடர்பு இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் அறிக்கை தந்தது. தனிமை என்றதும் பெருநகர அடுக்ககங்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகள் வேலைக்குப் போன கிராமத்து வீடுகளிலும் அது குடியேறிவிட்டது. பேச்சுத் துணை வேண்டும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்கக் கூச்சம். ஆனால் ஒரு கை குறைகிறது, வந்து உட்காருங்கள் பெரியம்மா என்று கூப்பிட்டால் வந்து உட்கார யாருக்கும் கூச்சமில்லை. ஆட்டம் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான்.

எல்லாவற்றையும்விடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. திண்ணையிலும் மண்டபத்திலும் ஆடியவர்கள் யார்? மண்டபத்துக்குள் நுழையவே முடியாதவர்கள் இருந்தார்கள்; திண்ணை அந்தத் தெருக்காரருக்கே உரியது. பெண்கள் வீட்டுக்குள் ஆடினார்கள், ஆண்கள் வெளியே ஆடினார்கள். பழைய ஆட்டங்களை மீட்கிறோம் என்ற பெயரில் பழைய பிரிவினையையும் மீட்டுவிடும் ஆபத்து உண்மையானது. அதனால்தான் இதைத் தனியார் திண்ணைக்கும் கோயில் மண்டபத்துக்கும் விடாமல் நூலகத்திலும் ஊராட்சிக் கட்டடத்திலும் வைக்கவேண்டும் என்கிறேன். நூலகத்துக்கென்று முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. 1948இல் வந்த அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. அதைச் செலுத்துபவர் எந்தத் தெருக்காரராக இருந்தாலும் அந்தக் கட்டடம் அவருக்குச் சொந்தம். அங்கே யார் யாரோடு உட்காருவது என்பதை நட்பும் உறவும் முடிவுசெய்யக் கூடாது. அணியைத் துண்டுச்சீட்டுப் போட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவேண்டும். தெரிந்தவரோடு மட்டும் ஆடும் வசதி இருக்கும்வரை காலனியும் ஊரும் வேறு வேறு மூலையில்தான் உட்காரும். பெண்களைப் பொறுத்தவரை இரவு ஒன்பது மணி ஆட்டம் என்பது அவர்களை வரவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிவதே சரி. மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் வருகையும் கட்டுப்பாடும் தாமாக அமையும். சமைத்து முடித்துவிட்டு வருகிறேன் என்று மனைவி பின்தங்காமலிருக்க, கணவர் அன்று அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

போனை விட்டு இளைஞர்கள் வரமாட்டார்கள் என்று கைவிரிப்பவர்களும் இருக்கிறார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சதுரங்கப் பலகைகள் முளைத்ததை நாம் பார்த்தோம். பொதுவெளியில் மதிப்புக் கிடைத்தால் பலகை முன்னால் உட்கார இளையோர் தயங்கவில்லை. சதுரங்கம் பேசாமல் ஆடவேண்டிய இருவர் ஆட்டம். அது தரும் பெருமையில் ஒரு பங்கைப் பேசி ஆடும் ஆட்டங்களுக்கும் தரலாம். ஜெர்மனியில் 1979 முதல் ஒவ்வோர் ஆண்டும் விமர்சகர் குழு ஒன்று ஆண்டின் சிறந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து விருது தருகிறது. குடும்பமாக ஆடத்தக்கதா என்பதை அவர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். 1995இல் அந்த விருதைப் பெற்ற காட்டான் இன்று உலகெங்கும் ஆடப்படுகிறது; பெங்களூர், சென்னை உணவகங்களிலும் அதற்கென்று மேசைகள் இருக்கின்றன. நம் பக்கத்திலும் முயற்சி இல்லாமலில்லை. வினிதா சித்தார்த்தா சென்னையில் தொடங்கிய கிரீடா அமைப்பு இந்த மரபு ஆட்டங்களைத் தேடித் தொகுத்து மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டிருக்கிறது. ஆனால் பெட்டியில் விற்கும் ஆட்டத்தை வாங்க முடிந்தவர்கள் வாங்குவார்கள். உணவக மேசைக்குக் கட்டணம் கொடுக்க முடிந்தவர்கள் போவார்கள். வாலாஜாபாத் ஒன்றியத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு இரண்டும் கிடைக்காது. அவருக்குக் கிடைக்கவேண்டியது திறந்திருக்கும் ஒரு பொதுக் கட்டடம்.

செலவைக் காரணம் காட்ட இதில் வழியே இல்லை. 2006க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டப்பட்டது; அவற்றில் பூட்டிக் கிடப்பவை பல. ஒரு கேரம் பலகை, நாலைந்து சீட்டுக்கட்டு, இரண்டு ஜோடி தாயக்கட்டை, ஒரு பல்லாங்குழி, தரையில் பெயின்ட்டால் நிரந்தரமாக வரைந்த இரண்டு ஆடுபுலிக் கட்டம், ஒரு பரமபதப் படம். ஒரு தெருவிளக்குக் கம்பத்துக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது. விதிகள் ஒரு தாளில் அடங்கும்: பணமோ பணமாகும் பொருளோ பந்தயம் கூடாது, குடித்துவிட்டு வரக்கூடாது, அணி குலுக்கலில், தகராறு வந்தால் அன்றைக்கு மத்தியஸ்தராகக் குலுக்கலில் வந்தவர் சொல்வது முடிவு. தாயத்தில் எது மலை, எத்தனை வெட்டினால் உள்ளே போகலாம் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். முதல் நாள் உட்கார்ந்து பேசி ஒரே விதியை எழுதி ஒட்டிவிடவேண்டும். பல தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு விதியைப் பேசி முடிப்பதே அந்த ஊருக்கு ஒரு நல்ல பழக்கம். ஊராட்சிகளுக்கு ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரும் குடியரசு நாள் சபையில் ஒரு தீர்மானம் போதும். வாலாஜாபாத், உத்திரமேரூர் போன்ற பேரூராட்சிகளில் மன்றம் முடிவெடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு நூலகத்தைத் திறந்து வைக்க ஒருவரை நியமிக்கட்டும். மூன்று மாதம் நடத்திப் பார்த்து, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தெருவிலிருந்து வந்தார்கள், பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து அடுத்த சபையில் வைக்கட்டும். இணையச் சூதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று ஊர்கள் கேட்டன, அரசு கொடுத்தது; இப்போது சாவி உள்ளாட்சிகளின் கையில் இருக்கிறது, அவை கதவைத் திறக்கட்டும்.